காலம் கடந்தால் ஹக்கு அழியுமா?

"ஹக்கு ஒருநாளும் அழியாதுதானே?" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள். சட்டத்தரணியிடம் கேட்டால் முதலில் தேதியைத்தான் கேட்பார்.

உடற்காயத்துக்கும் மருத்துவக் கவனயீனத்துக்கும் நட்டஈடு கோரும் வழக்குகளை நம் நாட்டில் இன்றும் ஆள்வது 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டம். அதன் 9 ஆம் பிரிவின்படி, நட்டம், காயம், சேதம் என்பவற்றுக்கான வழக்கை அதற்குரிய காரணம் தோன்றியதிலிருந்து இரண்டு வருடங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். காணியை ஆண்டவனுக்குப் பத்து வருடம், எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், உடம்புக்கு இரண்டுதான்!

'காரணம் தோன்றிய' நேரம் எது? ஒபரேஷனின்போது வயிற்றுக்குள் பஞ்சை விட்டுத் தைத்துவிட்டால், வலி வருவதற்கே சிலவேளை வருடங்கள் போகும். காயம்பட்டவர் அதை அறிந்த நாளைப் பற்றி அந்தப் பிரிவு ஒன்றும் பேசவில்லை. இங்கிலாந்திலும் இதே சிக்கல் இருந்தது. உருக்கு வார்ப்பாலையில் தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்ட தொழிலாளர்களின் வழக்கை, நோய் தமக்கிருப்பதை அவர்கள் அறியுமுன்னரே காலம் கடந்துவிட்டது என்று 1963 இல் பிரபுக்கள் சபை தள்ளியது. நியாயமில்லை என்று நீதிபதிகளுக்கே தெரிந்திருந்தது. அதே வருடம் அங்கே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். நாம் 1871 இலேயே நிற்கிறோம்.

அதே காலத்தில்தான், 1869 இல் தொடங்கி 1876 இல் முடிந்த உஸ்மானியரின் மஜல்லாவும் எழுதப்பட்டது. இலங்கையில் அது ஒருபோதும் சட்டமாக இருந்ததில்லை. ஆனாலும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். கடன், அமானிதம், சொத்து, வாரிசுரிமை போன்ற வழக்குகளைப் பதினைந்து வருடத்துக்குப் பின் கேட்கக்கூடாது என்கிறது அதன் 1660 ஆம் உறுப்புரை. 1674 ஆம் உறுப்புரையோ, காலம் கடந்ததால் ஹக்கு அழியாது என்கிறது. பிரதிவாதி காழியின் முன் கடனை ஒப்புக்கொண்டால் எத்தனை வருடமானாலும் தீர்ப்புண்டு. காலம் பூட்டுவது நீதிமன்றக் கதவை மட்டுமே. நம் பெரியவர்கள் சொன்னதும் இதுதான்.

விதிவிலக்குகளைப் பாருங்கள். சிறுபராயம், புத்தி சுவாதீனமின்மை இரண்டும் இரண்டு சட்டங்களிலும் உண்டு. 'கடல் கடந்திருத்தல்' என்கிறது நம் கட்டளைச்சட்டம். தூரதேசத்தில் இருத்தல் என்கிறது மஜல்லா. ஆனால் மஜல்லாவின் 1663 ஆம் உறுப்புரையில் இன்னொன்றும் இருக்கிறது: எதிராளி அடக்கியாளும் பலம் படைத்தவனாயிருந்தால், அந்தக் காலமும் கணக்கில் சேராது.

இதை வாசிக்கும்போது 1990 ஒக்டோபர் ஞாபகம் வராமலிருக்குமா? துப்பாக்கிமுனையில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்தவர்கள் கடல் கடக்கவில்லை. பத்து வருடக் கணக்கு அவர்களுடைய காணிகள்மீது ஓடியது. 2016 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகே, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கழித்துப் பார்க்க வழி பிறந்தது. அதுவும் அசையாச் சொத்துக்கு மட்டும். அந்த நாட்களில் உடம்பில் காயம்பட்டவருக்கு 1871 இன் அதே இரண்டு வருடம்தான்.