போர் விளையாட்டுகளில் வியூகம்

முறை வைத்து ஆடும் போர் விளையாட்டுகளில், படைப்பிரிவுகளைக் களத்தில் எங்கே, எந்த வரிசையில், எதன் துணையோடு நிறுத்துவது என்று தீர்மானிக்கும் கலை வியூகம் எனப்படும். இவ்வகை ஆட்டத்தில் நகர்த்திய காய், எதிராளியின் முறை முடியும்வரை அதே இடத்தில் நின்று தாக்குதலைத் தாங்க வேண்டும். அதனால் இடத்தேர்வில் நேரும் பிழைக்கு உடனே விலை கொடுக்க நேரிடும். காயின் பலத்தோடு அது நிற்கும் இடத்தையும் ஒரு பலமாக விதிகள் படிப்படியாக ஏற்றுக்கொண்டதே இத்துறையின் வரலாறு.

தொடக்கம்

இந்தியாவில் கி.பி. 6, 7ஆம் நூற்றாண்டுகளையொட்டி உருவான சதுரங்கம், யானை, தேர், குதிரை, காலாள் ஆகிய நால்வகைப் படையையும் 64 கட்டங்களில் நிறுத்தியது. அங்கே மேடு, காடு, ஆறு என்ற வேறுபாடு கிடையாது. 1780இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் யோகான் ஹெல்விக், 1,600க்கும் மேற்பட்ட கட்டங்கள் கொண்ட பலகையில் நிலவகைகளை வண்ணங்களால் பிரித்தார். நிலத்தைப் பார்த்துப் படையை நிறுத்தும் தேவை அப்போது ஆட்டத்துக்குள் வந்தது.

பிரஷ்ய அதிகாரி இளைய ராய்ஸ்விட்ஸ், தந்தை வகுத்த ஆட்டத்தைச் செம்மைப்படுத்தி 1824இல் வெளியிட்ட ‘கிரீக்ஸ்பீல்’, கட்டங்களே இல்லாமல் 1:8000 அளவு வரைபடத்தில் ஆடப்பட்டது. ஒரு முறை என்பது போர்க்களத்தின் 2 நிமிடங்களைக் குறித்தது. எதிரியின் பார்வையில் படாத படையை நடுவர் வரைபடத்தில் வைக்கமாட்டார். குன்றின் பின்புறம் படையை மறைத்து நிறுத்துவது இதனால் பயனுள்ள உத்தியானது. பிரஷ்யப் படைத்துறை இதைப் பயிற்சிக்கு ஏற்றுக்கொண்டது.

அறுகோணக் கட்டம்

அமெரிக்கரான சார்லஸ் ராபர்ட்ஸ் 1954இல் ‘டாக்டிக்ஸ்’ ஆட்டத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் நிறுவிய அவலான் ஹில் நிறுவனம் 1961இல் அறுகோணக் கட்டங்களுக்கு மாறியது. சதுரக் கட்டத்தில் குறுக்காகச் செல்லும் காய், நேராகச் செல்வதைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு தூரத்தை ஒரே அடியில் கடந்துவிடும். அறுகோணத்தில் ஆறு திசைகளிலும் தூரம் ஒன்றே.

இதோடு இணைந்து வளர்ந்த விதி ‘கட்டுப்பாட்டு மண்டலம்’. ஒரு காய் தன்னைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களையும் ஆளும். அவற்றுள் நுழையும் எதிரி அங்கேயே நிற்க வேண்டும். இதனால் இரண்டு காய்களுக்கு நடுவே இரண்டு கட்டங்களைக் காலியாக விட்டாலும் எதிரியால் ஒரே முறையில் ஊடுருவ முடியாது. சிறுபடையைக் கொண்டு நீண்ட எல்லையைக் காக்கும் வழி இப்படிப் பிறந்தது. பின்வாங்கும் படை எதிரியின் மண்டலத்துக்குள் செல்ல நேர்ந்தால் அழியும் என்ற விதி, சுற்றிவளைப்பை மிகக் கொடிய ஆயுதமாக்கியது.

அணிவரிசையின் கணக்கும் இங்கே தெளிவாகிறது. நேர்வரிசையின் நடுவே நிற்கும் காயை எதிரி முன்புறம் இரண்டு கட்டங்களிலிருந்து மட்டுமே தாக்க முடியும். அதே காய் ஓரடி முன்னே போனால் நான்கு கட்டங்கள் திறந்துவிடும். ஆர்வத்தில் முந்திய காய் முதலில் வீழ்வது இதனால்தான்.

கணினியில்

1994இல் வந்த ‘பான்சர் ஜெனரல்’, தாக்கப்படும் படைக்குப் பக்கத்தில் நிற்கும் பீரங்கி தாக்க வருபவன்மீது தானாகவே சுடும்படி அமைத்தது. காலாட்படைக்குப் பின்னே பீரங்கியை நிறுத்துவது ஆட்டக்காரர்களின் வழக்கமாயிற்று. 2003இல் தொடங்கிய இலவச ஆட்டமான ‘பேட்டில் ஃபார் வெஸ்னாத்’தில் காட்டில் நிற்கும் எல்ஃப் வீரர்களை அடிப்பது கடினம், எதிரியின் மறுபுறம் தோழன் நின்றால் ‘திருடன்’ வகை வீரனின் அடி இரட்டிக்கும்.

‘சிவிலைசேஷன்’ வரிசையின் மாற்றம் குறிப்பிடத்தக்கது. 1991இல் வந்த முதல் ஆட்டத்தில் ஒரே கட்டத்தில் பல படைகளைக் குவிக்கலாம். ஆனால் திறந்தவெளியில் காக்கும் படை தோற்றால் குவியல் முழுவதும் அழியும். 2010இல் வந்த ஐந்தாம் ஆட்டம் அறுகோணத்துக்கு மாறி, கட்டத்துக்கு ஒரு போர்ப்படை என்று வரம்பிட்டது. குவிப்பின் இடத்தை அணிவகுப்பு பிடித்தது. 2012இன் ‘எக்ஸ்காம்’ ஆட்டத்தில் பாதி மறைவு 20 புள்ளியும் முழு மறைவு 40 புள்ளியும் பாதுகாப்பைக் கூட்டும். பக்கவாட்டில் வந்து சுடும் எதிரியிடம் இரண்டும் செல்லாது.

2018இல் வெளியான ‘இன்டு தி பிரீச்’சில் எதிரி எங்கே தாக்கப்போகிறது என்பது முன்கூட்டியே தெரியும். அதை ஒரு கட்டம் தள்ளிவிட்டால் அதன் அடி இன்னொரு எதிரியின்மேல் விழக்கூடும். படையை நல்ல இடத்தில் நிறுத்துவதோடு, எதிரியைத் தவறான இடத்தில் நிற்கவைப்பதும் வியூகத்தின் பாதியாக இங்கே வளர்ந்திருக்கிறது.