பாலூட்டலும் தாயின் மனநிலையும்

பாலூட்டும் காலத்தில் தாயின் மூளையில் நிகழும் வேதி மாற்றங்கள், அவளது மனநிலையோடும் மனச்சோர்வு மருந்துகள் அவளுக்குப் பயன்படும் விதத்தோடும் நெருங்கிய தொடர்புடையவை. மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு ஏறத்தாழ பத்துத் தாய்மாரில் ஒருவருக்கு ஏற்படுவதால், இத்தொடர்பு மகப்பேற்று மருத்துவத்துக்கும் மனநல மருத்துவத்துக்கும் ஒருங்கே உரிய ஆய்வுப்பொருளாக உள்ளது.

மகப்பேற்றில் நஞ்சுக்கொடி வெளியேறியதும், அதுவரை அது சுரந்துவந்த ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சில நாள்களுக்குள் பெரிதும் குறைந்துவிட, பால் பெருகுவதற்கு இருந்த தடை நீங்குகிறது. குழந்தை சப்பும்போது எழும் நரம்புத்தூண்டல் ஹைப்போதலாமஸ் என்னும் மூளைப்பகுதியை அடைந்ததும், அங்கிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்கு வரும் டோப்பமைன் குறைகிறது. பாலை உண்டாக்கும் புரோலாக்டினை அடக்கி வைத்திருப்பது டோப்பமைனே என்பதால், அந்தப் பிடி தளர்ந்தவுடன் புரோலாக்டின் உயர்கிறது. அதே தூண்டலால் பிட்யூட்டரியின் பின்மடலிலிருந்து வெளிப்படும் ஆக்சிடோசின், பால் நுண்ணறைகளைச் சூழ்ந்த உயிரணுக்களைச் சுருங்கச் செய்து பாலை இறக்குகிறது. பாலூட்டல் தாயை அமைதிப்படுத்தவும் கூடும்: உடற்பயிற்சி போன்ற தகைவுக்கு உள்ளாகும்போது, பாலூட்டும் தாய்மாரிடம் கார்ட்டிசால் என்னும் தகைவு இயக்குநீர் மற்றத் தாய்மாரிடம் உயரும் அளவுக்கு உயர்வதில்லை என்பது 1990களில் நடந்த ஆய்வில் தெரியவந்தது.

எனினும், பாலூட்டல் எல்லாத் தாய்மாருக்கும் அமைதியைத் தருவதில்லை. சிலருக்குப் பால் இறங்குவதற்குச் சற்று முன் காரணமற்ற துயரமோ பதற்றமோ திடீரென எழுந்து, சில நிமிடங்களில் தானே அடங்கிவிடுகிறது. டோப்பமைன் சட்டென இறங்குவதே இதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று கருதப்படுகிறது. நாள் முழுவதும் நீடிக்கும் மனச்சோர்விலிருந்து இது வேறானது; குழந்தையின் மீது அன்பில்லாமையின் அடையாளமும் அன்று. இதைத் தாய்க்கு எடுத்துச் சொல்வதே பாதி மருத்துவமாகும்.

பாலூட்டல் மனச்சோர்வைத் தடுக்கிறதா என்ற கேள்விக்கு இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் 1990களின் தொடக்கத்தில் பிறந்த சுமார் 14,000 குழந்தைகளின் தாய்மாரைப் பற்றிய தரவுகள் முக்கியமான விடையைத் தருகின்றன: பாலூட்ட விரும்பி அவ்வாறே ஊட்டியவர்களிடம் மனச்சோர்வு மிகக் குறைவாகவும், விரும்பியும் ஊட்ட இயலாமற் போனவர்களிடம் மிக அதிகமாகவும் காணப்பட்டது. ஆகவே, ஊட்ட இயலாத தாயைக் கடிந்துகொள்ளும் சுற்றத்தார், உதவி மிகவும் வேண்டிய ஒருவரையே நோகடிக்கின்றனர்.

மருந்து உட்கொள்வதற்காகப் பாலூட்டலை நிறுத்தவேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், பெரும்பாலான நேர்வுகளில் அதற்குத் தேவையில்லை. தாய் தன் உடல் எடைக்கேற்ப உட்கொள்ளும் அளவோடு ஒப்பிட, பால்வழியே குழந்தைக்கு அதன் எடைக்கேற்பச் சேரும் மருந்து பத்து விழுக்காட்டுக்குக் குறைவாயின், அது பொதுவாக ஏற்கத்தக்கதாகக் கொள்ளப்படுகிறது. மூளையில் செரட்டோனினை நீடித்திருக்கச் செய்யும் மருந்துகளுள் செர்ட்ராலின், பராக்சிடின் ஆகியவை இவ்வரம்புக்கு மிகக் கீழே நிற்பதால் முதலில் கருதப்படுகின்றன. உடலில் நெடுநாள் தங்கும் ஃப்ளுவாக்சிடின் புதிதாகத் தொடங்குவதற்கு அத்துணை விரும்பப்படுவதில்லை. ஆனால் ஒரு மருந்தால் முன்பே நலமடைந்த தாய்க்கு அதை மாற்றுவது நோய் திரும்பும் ஆபத்தைக் கொண்டது.

மருந்தின் பயன் தாய்க்குத் தாய் வேறுபடுவதற்கும் காரணங்கள் உண்டு. கருவுற்ற காலத்தில் மாறியிருந்த கல்லீரல் நொதிகளின் வேகம் பேற்றுக்குப்பின் சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்புவதால், மருந்தளவை மாற்றாதபோதும் இரத்தத்தில் அதன் செறிவு மாறக்கூடும். இரவுதோறும் கலையும் உறக்கமும் மனச்சோர்வை வளர்க்கக் கூடியது என்பதால், ஓர் இரவூட்டலைப் பிறர் ஏற்பது மருந்துக்குத் துணையாகிறது. அண்மைய ஆய்வுகள் வேறொரு வழியைத் திறந்துள்ளன: புரோஜெஸ்டிரோனிலிருந்து உண்டாகி நரம்புகளை அமைதிப்படுத்தும் அல்லோபிரெக்னனொலோன் பேற்றுக்குப்பின் வீழ்வதைக் கருத்தில் கொண்டு, அதே செயலுடைய பிரெக்சனொலோன் 2019இலும், வாய்வழி உட்கொள்ளும் சுரனொலோன் 2023இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

பால் பெருகுவதற்காகத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடு, டோம்பெரிடோன் ஆகிய இரண்டும் டோப்பமைனைத் தடுத்தே புரோலாக்டினை உயர்த்துகின்றன. மூளைக்குள் எளிதில் நுழையும் முன்னது மனச்சோர்வை உண்டாக்கவோ கூட்டவோ வல்லது. பின்னதை அதிக அளவில் உட்கொண்டு திடீரென நிறுத்தியவர்களிடம் பதற்றமும் உறக்கமின்மையும் தோன்றியுள்ளன. எனவே மனச்சோர்வு முன்பு இருந்த தாய்க்கு இவற்றைத் தருமுன் அந்த வரலாற்றைக் கேட்டறிவதும், நிறுத்தும்போது அளவைப் படிப்படியாகக் குறைப்பதும் மருத்துவரின் கடமைகளாகும்.