எட்டு–ஆறு: சாதாரண ஆக்களின் ஸ்போர்ட்ஸ் கார் மறைந்து திரும்பி வந்த வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் 11 வரலாறு பாடத்தில் கைத்தொழிற் புரட்சி போய்க்கொண்டிருந்தது. ஃபோர்ட் கம்பனி சாதாரண தொழிலாளியும் வாங்கக்கூடிய கார் செய்த கதையைச் சொன்னேன். பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பினான். "சேர், கார் எண்டா குடும்பத்தோட போறதுக்குத்தானே? அப்ப ஏன் ரெண்டு பேர் மட்டும் வசதியா இருக்கிற காரையும் செய்றாங்க? அது காசுக்காரனுக்கு மட்டும்தானே?"

வகுப்பு சிரித்தது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. மணி அடித்துவிட்டதால் பதிலை முடிக்கக் கிடைக்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காசுக்காரனுக்கு மட்டும் இல்லை என்று காட்டிய நாடு ஜப்பான். அது எப்படி நடந்தது, ஏன் நின்றது, எப்படித் திரும்பி வந்தது என்பதில் பொருளாதாரப் பாடம் ஒன்றும் இருக்கிறது, மனிதரைப் பற்றிய பாடம் ஒன்றும் இருக்கிறது.

1965 இல் டொயோட்டா "ஸ்போர்ட்ஸ் 800" என்ற சின்னக் காரை விற்பனைக்கு விட்டது. 790 சீசீ, இரண்டே சிலிண்டர், 45 குதிரைவலு. இதில் என்ன ஸ்போர்ட்ஸ் என்று கேட்பீர்கள். காரின் நிறை வெறும் 580 கிலோ அளவுதான். நிறை குறைந்தால் சின்ன எஞ்சினே போதும், சின்ன பிரேக்கே போதும், பெற்றோலும் குறையும். எஞ்சினையும் கீழ்ப் பாகங்களையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. "பப்ளிக்கா" என்ற மலிவான குடும்பக் காரில் இருந்து எடுத்தார்கள். இதே கம்பனி 1967 இல் "2000 ஜீடீ" என்ற பேரழகுக் காரையும் செய்தது. அது விலை கூடியது. அதனால் மொத்தமாகச் சில நூறு கார்கள்தான் செய்யப்பட்டன.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலிவான ஸ்போர்ட்ஸ் கார் எப்போதும் ஒரு குடும்பக் காரின் பிள்ளை. ஆயிரக்கணக்கில் விற்கிற காரின் பாகங்கள் இருந்தால்தான் சில பேருக்கான காரை மலிவாகச் செய்யலாம். இதை மனதில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

1969 இல் நிசான் "ஃபெயார்லேடி இசட்" காரை அறிமுகம் செய்தது. அமெரிக்காவில் கம்பனியின் பொறுப்பில் இருந்த யுடாகா கட்டயாமாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அங்கே அது "டட்சன் 240 இசட்" ஆனது. விலை 3,500 டொலர் அளவு. ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களின் விலையைக் கேட்டே திரும்பிப் போன ஆசிரியரும் எழுதுவினைஞரும் வாங்கக்கூடிய கார் ஒன்று வந்துவிட்டது.

பிறகு 1983. நம்ம ஊர் ஆக்களுக்கு நெருக்கமான கட்டம் இதுதான்.

பழைய கொரோலாக்களில் எஞ்சின் முன்னால், உந்துதல் பின் சில்லுக்கு. 1983 இல் வந்த புதிய கொரோலாவில் டொயோட்டா உந்துதலை முன் சில்லுக்கு மாற்றியது. உள்ளே இடம் கூடும், நிறை குறையும், செலவும் குறையும். குடும்பத்துக்கு அது நல்ல முடிவுதான். ஆனால் அந்தத் தலைமுறையில் இரண்டு கதவு "லெவின்", "ட்ருவேனோ" வகைகளை மட்டும் பழைய பின்சில்லு முறையிலேயே விட்டார்கள். அதற்கு 1600 சீசீ, 16 வால்வு எஞ்சின் பூட்டினார்கள். நிறை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. அதன் செசி இலக்கம் ஏ.ஈ. 86. ஜப்பானியர் அதை "ஹச்சி ரொக்கு" என்று அழைத்தார்கள். ஹச்சி எட்டு, ரொக்கு ஆறு.

இலக்கத்தால் காரைக் கூப்பிடுவது நமக்குப் புதிதா? "121 ஒண்டு வந்திருக்கு, பார்ப்பமா?" "141 என்ன விலை போகுது?" என்றுதானே நாமும் கதைக்கிறோம். அவையும் கொரோலாவின் செசி இலக்கங்கள்தான். டோக்கியோ பொடியனும் நம்ம ஊர் கராஜ் நானாவும் ஒரே பாஷைதான் பேசியிருக்கிறார்கள்.

இன்னொரு உறவும் உண்டு. எங்கள் வாப்பா ஹயருக்கு ஓடியது டீ.எக்ஸ். வேகன். நான் கார் பழகியதும் அதில்தான். ஹச்சி ரொக்குக்கு முந்திய கொரோலா தலைமுறையைச் சேர்ந்தது அந்த வேகன். அந்தத் தலைமுறையின் பின்சில்லு அமைப்பைத்தான் ஹச்சி ரொக்கு வாரிசாகப் பெற்றது. மழை நாளில் வளைவில் அவசரப்பட்டு எக்ஸிலேற்றரை மிதித்தால் வேகனின் பின்பக்கம் மெல்ல வெளியே போகும். வாப்பா ஒன்றும் சொல்லமாட்டார். என்னை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையில் கற்றதை லைசன்ஸ் பரீட்சையில் நான் கற்கவில்லை.

ஹச்சி ரொக்கு 1987 வரைதான் உற்பத்தியானது. மலைப்பாதைகளில் அதை ஓட்டிப் பழகிய கெயிச்சி சுச்சியா பின்னர் "டிரிஃப்ட் கிங்" என்று உலகப் பெயர் எடுத்தார். 1995 இல் ஷுயிச்சி ஷிகெனோ "இனிஷியல் டீ" என்ற சித்திரக்கதைத் தொடரை ஆரம்பித்தார். அதன் நாயகன் தகப்பனின் தோஃபு கடைச் சரக்கை விடியப்புறம் மலை ஏற்றிக் கொடுக்கிற பொடியன். வாகனம் ஒரு பழைய ஹச்சி ரொக்கு. தகப்பன் ஒரு கோப்பையில் தண்ணீர் ஊற்றிக் காரில் வைத்துவிடுவார். தண்ணீர் சிந்தக் கூடாது. தயிர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவர்களுக்கு இந்தப் பாடம் உடனே விளங்கும்.

இதற்கிடையில் ஹிரோஷிமாவில் மஸ்டா வேறொரு வேலை பார்த்தது. இங்கிலாந்தின் சின்னத் திறந்த கார்கள் அழிந்துகொண்டிருந்தன. எம்ஜீ கார் செய்த அபிங்டன் தொழிற்சாலை 1980 இல் மூடப்பட்டது. பொப் ஹோல் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், அப்படியொரு காரை நீங்கள் செய்யுங்கள் என்று மஸ்டாவின் கெனிச்சி யமமொட்டோவிடம் சொன்னார். பிறகு ஹோல் மஸ்டாவிலேயே வேலைக்குச் சேர்ந்தார். 1989 இல் சிகாகோ கண்காட்சியில் "எம்.எக்ஸ். 5" வெளிவந்தது. 1600 சீசீ, நிறை 940 கிலோ அளவு, அமெரிக்க விலை 13,800 டொலர். எஞ்சின் மஸ்டாவின் குடும்பக் கார் வரிசையில் இருந்து வந்தது. மீண்டும் அதே கணக்கு. இதை உருவாக்கியவர்கள் "ஜின்பா இத்தாய்" என்ற பழைய சொல்லைத் தங்கள் கொள்கையாக வைத்தார்கள். குதிரையும் அதில் ஏறியவனும் ஒன்றாதல் என்பது அதன் கருத்து. 2016 இல் பத்து இலட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வந்தது. உலகிலேயே அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்ற கின்னஸ் சாதனையும் அதற்குத்தான்.

இவ்வளவு நன்றாகப் போனது ஏன் நின்றது?

முதலாவது, 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் காணி விலையும் பங்குச் சந்தையும் சரிந்தன. அதற்குப் பிறகு வீட்டுக்கு ஒரு வாகனம் என்றால் வேன்தான் என்ற நிலை. இரண்டாவது, பணவசதிக் காலத்தில் ஸ்போர்ட்ஸ் கார்கள் பெருத்துவிட்டன. டேர்போ, நான்கு சில்லு உந்துதல், 280 குதிரைவலு என்று போய், இளைஞரின் கையை விட்டும் போய்விட்டன. மூன்றாவது, புகைச் சட்டம் இறுகியது. நிசான் சில்வியா, ஸ்கைலைன் ஜீடீஆர், டொயோட்டா சுப்ரா, மஸ்டா ஆர்.எக்ஸ். 7 நான்கும் 2002 இல், ஒரே ஆண்டில் நின்றன. நான்காவது, முன்னர் மனதில் வைக்கச் சொன்ன விடயம். குடும்பக் கார்கள் எல்லாம் முன்சில்லுக்கு மாறிவிட்டன. மலிவான பின்சில்லு கார் செய்யப் பாகம் எடுப்பதற்குத் தாய்க் காரே இல்லை. 2007 இல் எம்.ஆர். எஸ். நின்றபோது டொயோட்டாவின் பெயரில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கூட மிஞ்சவில்லை.

அதே 2007 இல், அதுவரை குடும்ப வேன் ரக வாகனங்களை உருவாக்கி வந்த டெட்சுயா டாடா என்ற பொறியியலாளரிடம், இளைஞர் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று செய்யுங்கள் என்று டொயோட்டா மேலிடம் சொன்னது. தாய்க் கார் இல்லாத பிரச்சினைக்கு அவர்கள் கண்ட வழி கூட்டு. சுபாரு கம்பனியில் டொயோட்டா 2005 முதல் பங்கு வைத்திருந்தது. சுபாருவிடம் சிலிண்டர்கள் படுத்த நிலையில் இருக்கும் பொக்ஸர் எஞ்சின் இருந்தது. அது உயரம் குறைந்தது, காரின் பாரத்தைக் கீழே இறக்கும். டொயோட்டாவிடம் எரிபொருள் விசிறும் தொழில்நுட்பம் இருந்தது. ஒருவர் தனியே செய்தால் நட்டம். இரண்டு பேர் சேர்ந்து செய்து, இரண்டு பெயரில் விற்றால் கணக்குச் சரிவரும்.

ஆனால் நேரம் மோசமான நேரம். உலகப் பொருளாதார நெருக்கடியில் டொயோட்டா ஏறக்குறைய 70 ஆண்டுகளில் முதல் தடவையாகச் செயற்பாட்டு நட்டம் கண்டது. 2009 ஜூனில் அக்கியோ டொயோடா தலைவரானார். கம்பனியை நிறுவிய கிச்சிரோ டொயோடாவின் பேரன். தலைவராக முன்னரே அவர் பரிசோதனை ஓட்டுநர் ஹிரோமு நருசேயிடம் மாணவனாக இருந்து கார் ஓட்டக் கற்றவர். நருசே 2010 இல் ஜெர்மனியில் ஒரு புதிய காரைப் பரிசோதிக்கும்போது வீதி விபத்தில் உயிரிழந்தார். செலவைக் குறைக்க வேண்டிய அந்த நாட்களில் இந்தச் சின்னக் கார்த் திட்டம் வெட்டப்படாமல் தப்பியது.

2012 இல் கார் வந்தது. டொயோட்டா பெயரில் "86", சுபாரு பெயரில் "பீஆர்இசட்". 2000 சீசீ, டேர்போ இல்லாமல் 200 குதிரைவலு. ஜப்பானில் ஆரம்ப விலை 19 இலட்சத்து 90 ஆயிரம் யென். சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் ஓடும் தூரமும் 86 மில்லிமீற்றர். பழைய ஹச்சி ரொக்குவுக்கு ஒரு சலாம்! பிரியஸ் ஹைபிரிட் காருக்குக் கொடுத்த அதே ரகச் சாதாரண டயரைத்தான் இதற்கும் பூட்டினார்கள். பிடிப்பு அளவாக இருந்தால், குறைந்த வேகத்திலேயே கார் என்ன செய்கிறது என்று சாரதிக்கு விளங்கும். மரணிக்கிற வேகத்துக்குப் போகத் தேவையில்லை.

இரண்டு கார்களும் செய்யப்பட்டது குன்மா மாகாணத்தில் உள்ள சுபாருவின் ஓட்டா தொழிற்சாலையில். தோஃபு கடைப் பொடியன் ஏறி இறங்கிய கற்பனை மலைக்கு மாதிரியாக எடுக்கப்பட்ட ஹருனா மலையும் அதே குன்மாவில்தான்.

பிறகு மற்றவர்களும் அசைந்தார்கள். 2015 இல் மஸ்டாவின் நான்காம் தலைமுறை எம்.எக்ஸ். 5 விற்பனைக்கு வந்தது. அதன் ஆகக் குறைந்த ரகத்தின் நிறை 990 கிலோ. 26 ஆண்டுகளில் உலகக் கார்கள் எல்லாம் பருத்துப் போக, இது 50 கிலோ அளவுதான் கூடியிருந்தது. அதே ஆண்டில் ஹொண்டா 660 சீசீயில் "எஸ் 660" காரையும், சுசுகி "அல்ட்டோ வேர்க்ஸ்" காரையும் கொண்டுவந்தன. 2021 இல் இரண்டாம் தலைமுறை ஜீஆர் 86 வந்தது. எஞ்சின் 2400 சீசீ, 235 குதிரைவலு. பழைய ஹச்சி ரொக்குவின் சில உதிரிப்பாகங்களையும் டொயோட்டா அதே ஆண்டில் மீண்டும் செய்து விற்கத் தொடங்கியது.

ஆனாலும் இது நிரந்தரம் இல்லை. 2021 இல் வந்தபோது ஜீஆர் 86 இன் ஆரம்ப விலை ஏறக்குறைய 28 இலட்சம் யென்னாக இருந்தது. எஸ் 660 இன் உற்பத்தி 2022 இல் முடிந்தது. 2024 இல் நடைமுறைக்கு வந்த புதிய பாதுகாப்புச் சட்டத்தால் ஐரோப்பாவில் ஜீஆர் 86 விற்பனை நின்றது. 2023 ஜனவரியில் டோக்கியோ கண்காட்சியில் டொயோட்டா இரண்டு பழைய ஹச்சி ரொக்குகளைக் கொண்டுவந்து வைத்தது. ஒன்று ஐதரசனில் ஓடுவது, மற்றது பற்றரியில் ஓடுவது. பெற்றோல் போன பிறகும் இந்த ரசனையைக் காப்பாற்ற முடியுமா என்ற தேடல் அது.

நமக்கு இதில் என்ன? "மலிவு" என்ற சொல்லே நம் நாட்டுக்கு வரும்போது மாறிவிடுகிறது. சீசீயைப் பார்த்து வரி, அதற்கு மேல் வேறு வரிகள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. ஜப்பானில் ஒரு இளம் தொழிலாளி தவணைக்கு வாங்குகிற கார் இங்கே வியாபாரியின் மகனுக்கும் எட்டாது. ஆகவே இந்தக் கதையை வாங்கச் சொல்லி எழுதவில்லை.

நான் எழுதியது அந்தத் தண்ணீர்க் கோப்பைக்காக. நம் பிரதான வீதியில் இரவு பத்து மணிக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். என்னிடம் படித்த பிள்ளைகளின் ஜனாஸாவுக்கு நான் போயிருக்கிறேன். ஒரு பிள்ளையின் வினாத்தாள் அப்போதும் என் மேசையில் திருத்தாமல் கிடந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு வாகனத்தில் இருந்த ஆசை பாவமும் இல்லை, பைத்தியமும் இல்லை. ஆனால் நேர் வீதியில் முறுக்குவதுதான் ஓட்டம் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். ஜப்பானின் இந்தக் கார்களைச் செய்தவர்கள் சொன்னது வேறு. நிறையைக் குறை, வாகனத்தோடு ஒன்றாகு, தண்ணீரைச் சிந்தாதே. அதை ஓர் அல்ட்டோவிலும் பழகலாம், முச்சக்கரவண்டியிலும் பழகலாம். வேகம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒழுங்கான பந்தயங்களும் இந்த நாட்டில் உண்டு. நுவரெலியா மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி 1934 இல் தொடங்கியது.

அந்தப் பிள்ளைக்கு நாளை வகுப்பில் பதில் சொல்வேன். மகன், இரண்டு பேருக்கான காரையும் செய்தார்கள், ஏனென்றால் போய்ச் சேருவதோடு ஓட்டுவதிலும் மனிதனுக்குச் சந்தோஷம் இருக்கிறது. அது காசுக்காரனுக்கு மட்டும் இருக்கக் கூடாது என்று சில பேர் பிடிவாதமாக இருந்தார்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு கே.ஈ. 70, ஒரு ஸ்டார்லட், ஒரு டீ.எக்ஸ். வேகன் இருந்திருக்கும். யார் பழக்கினார், என்ன சொல்லிப் பழக்கினார் என்று கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன்.