ஐம்பது ஹெர்ட்ஸ் ரீங்காரமும் அல்சூரின் பேஸ் கிதாரும்: பிக்கப் சுருளின் சிறு வரலாறு

பேஸ் கிதாரின் தந்திகளுக்கு அடியில் பதிந்திருக்கும் 'பிக்கப்', இசை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடும் உறுப்பு. காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றினால் பிக்கப் கிடைக்கிறது. அந்தக் கம்பி எங்கேனும் ஓரிடத்தில் அறுந்தால் கருவி ஊமையாகிவிடும். அதற்கு ஈடாகக் குறைந்த செலவில் எதைப் பொருத்துவது என்பது வெறும் விலைக் கேள்வியாகத் தோன்றலாம். ஆயினும் காந்த உலோகங்களின் வணிகம், இந்திய இறக்குமதிக் கொள்கை, கம்பி அளவுமுறைகளின் முரண்பாடு ஆகிய மூன்றும் அக்கேள்விக்குள் அடங்கியுள்ளன. பெங்களூரின் அல்சூர் இந்த வரலாற்றைப் படிக்கத் தக்க இடங்களுள் ஒன்று.

1809இல் பிரிட்டிஷார் பெங்களூர்க் கண்டோன்மென்ட்டை நிறுவியபின், சென்னை மாகாணத்திலிருந்து படையினரும் வணிகரும் கைவினைஞரும் வந்து குடியேறினர். அல்சூரின் தமிழ் வாழ்வுக்கு அடித்தளம் அதுவே. மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படைப்பிரிவின் தலைமையிடம் அல்சூர் ஏரியை ஒட்டியே உள்ளது. 1950இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் ஏரியின் அருகில்தான் இயங்குகிறது. படைப்பிரிவுகளின் பாண்டு வாத்தியமும் தேவாலய இசையும் மேலைக் கருவிகளைக் கண்டோன்மென்ட் மக்களின் காதுக்குப் பழக்கின. திருவிழா மேடைகளின் மெல்லிசைக் கச்சேரிகள் அக்கருவிகளைத் திரையிசையோடு இணைத்தன.

இதே நகரில்தான் சுருளையும் காந்தத்தையும் அன்றாடம் கையாண்ட பெருந்தொழிற்சாலைகளும் எழுந்தன. 1940இல் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட், 1948இல் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ், 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஆகியவை நிறுவப்பட்டன. தொலைபேசியின் கேட்குமுனையும் பிக்கப்பும் ஒரே தத்துவத்தின் இரு வடிவங்கள். முன்னதில் மின்னோட்டம் இரும்புத் தகட்டை அசைக்கிறது. பின்னதில் எஃகுத் தந்தியின் அசைவு மின்னோட்டத்தைப் பிறப்பிக்கிறது. இத்தகைய ஆலை அறிவு இசைக்குள் புகுந்ததற்கு நல்ல சான்று, மின்னணுத் தம்புராவால் அறியப்பட்ட ரேடல் நிறுவனம். அதன் நிறுவனர் ஜி. ராஜ் நாராயண் புல்லாங்குழல் கலைஞர். ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் ஆலையில் பொறியாளராகப் பணியாற்றியவர்.

பிக்கப்பின் பிறப்பும் பட்டறை சார்ந்ததே. ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலை, 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் போஷாம் கிதாருக்குப் பயன்படுத்தினார். அவருடைய காப்புரிமை 1937இல் வழங்கப்பட்டது. அதே பத்தாண்டில் சியாட்டிலில் பால் டட்மார்க் 'ஆடியோவாக்ஸ் 736' என்னும் மின் பேஸை உருவாக்கினார்; அது பரவவில்லை. 1951இல் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் உலகெங்கும் பரவியது. அதன் ஒற்றைச் சுருள் 1957இல் இரண்டாகப் பிளக்கப்பட்டது. தடித்த இரு தந்திகளுக்கு ஒரு சுருள், மெல்லிய இரு தந்திகளுக்கு மற்றொன்று. இரண்டின் காந்த முனைகளும் சுற்றுத்திசையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. அதனால் மின்வழங்கலிலிருந்து புகும் ரீங்காரம் இரு சுருள்களிலும் எதிரெதிராகத் தோன்றி அழிகிறது. தந்தியின் ஒலி மட்டும் எஞ்சுகிறது.

இந்தப் பிளவின் பயனை இந்திய மேடையில் வைத்துக் கணக்கிட வேண்டும். பேஸின் நான்கு தந்திகள் முறையே 41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்டவை. அமெரிக்க மின்வழங்கல் 60 ஹெர்ட்ஸ், இந்தியாவில் 50. மிகத் தடித்த தந்தியின் மூன்றாம் கட்டில் பிறக்கும் சுரம் 49 ஹெர்ட்ஸ். ஆகவே இந்திய மேடையில் அந்தச் சுரமும் ரீங்காரமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் மோதி, நொடிக்கு ஒருமுறை ஏறியிறங்கும் அலையாகக் கேட்கின்றன. சீரியல் விளக்குகளும் ஜெனரேட்டரும் சூழ்ந்த திருவிழா மேடையில் ரீங்காரம் பெருகும். கிதாரில் அது எரிச்சலூட்டும் பின்னணி. பேஸில் அது சுரத்தையே விழுங்கிவிடுகிறது.

தமிழ்த் திரையிசை இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளாத இசையாக மாறியது. 1976இல் 'அன்னக்கிளி' வழியாக அறிமுகமான இளையராஜா, பேஸைத் தாளத்துக்குத் துணையாக மட்டும் நிறுத்தாமல் தனிப் பண்கோடாக எழுதினார். 'மூடுபனி' (1980) காலத்துப் பாடல்களில் பேஸ், குரலுக்கு இணையாக நடந்து செல்கிறது. அத்தகைய பாடலை மேடையில் வாசிக்கும் மெல்லிசைக் குழுவின் பேஸ் கலைஞர் ஒவ்வொரு சுரத்தையும் தெளிவாக ஒலிக்கச் செய்தாக வேண்டும். பாடலை மனப்பாடமாக அறிந்த கூட்டம் முன்னால் அமர்ந்திருக்கிறது. பிக்கப் பழுதானால் அவருடைய அன்றைய வருமானமும் அதோடு போயிற்று.

மாற்றுப் பொருளோ எளிதில் கிட்டியதில்லை. உரிமம் சார்ந்த இறக்குமதி முறை 1991 வரை இறுக்கமாக நீடித்தது. நுகர்பொருள்கள் மீதான அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில்தான் முழுமையாக விலகின. அக்காலத்தில் அறுந்த சுருளை மீண்டும் சுற்றுவதே கைக்கெட்டிய வழி. மோட்டாருக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் காயில் கட்டும் வைண்டிங் கடைகள் எல்லா நகரங்களிலும் இருந்தன, பெங்களூரின் எஸ்.பி. ரோடு மின்னணு உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற சந்தை.

ஆனால் அங்கே ஓர் அளவுமுறைப் பொறி காத்திருந்தது. அமெரிக்க பிக்கப்புகள் பெரும்பாலும் 42ஆம் எண் கம்பியால் சுற்றப்பட்டவை. அது அமெரிக்க அளவுமுறை. கம்பியின் விட்டம் சுமார் 0.063 மில்லிமீட்டர். இந்தியாவில் வேரூன்றியதோ பிரிட்டிஷ் எஸ்.டபிள்யூ.ஜி. அளவுமுறை. அதில் 42ஆம் எண் என்பது சுமார் 0.102 மில்லிமீட்டர். எண் ஒன்றுதான், கம்பியின் தடிமன் ஒன்றரை மடங்குக்கும் மேல். பத்தாயிரம் சுற்றுகள் கொள்ள வேண்டிய சட்டத்தில் அந்தக் கம்பி அடங்கவே அடங்காது. எஸ்.டபிள்யூ.ஜி. 46ஆம் எண்ணே நெருங்கிய இணை. பேரரசின் அளவுகோல் ஒன்று, அது போய்ப் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் ஒரு கலைஞரின் கருவியை ஊமையாகவே வைத்திருக்க முடிந்தது.

காந்தத்துக்கும் ஓர் அரசியல் உண்டு. அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த ஆல்நிக்கோ காந்தத்தின் மூலக் கலவை 1931இல் ஜப்பானிய அறிவியலாளர் மிஷிமாவால் உருவானது. 1978இல் ஜயர் நாட்டின் ஷாபா பகுதியில் நிகழ்ந்த போரால் கோபால்ட் விலை எகிறியது. ஒலிபெருக்கித் தொழில் மலிவான ஃபெரைட் காந்தத்துக்குப் பெருமளவில் இடம்பெயர்ந்தது. இன்றைய மலிவு பிக்கப்புகள் பலவற்றில் எஃகு முனைகளுக்கு அடியில் ஒட்டப்பட்டிருக்கும் கருநிறப் பட்டை இந்த ஃபெரைட்தான். அதைத் தரக்குறைவின் அடையாளமாகக் கொள்வது முழு உண்மையாகாது. ஃபெரைட் தரும் கூர்மையான தொனி, இரைச்சல் மிகுந்த மேடையில் பயனுள்ளதாகவும் அமையலாம்.

விற்பனைக் குறிப்புகளில் முதலில் கண்ணில் படும் எண் மின்தடை. பிரிசிஷன் வகைக்கு ஏறத்தாழ 10 முதல் 11 கிலோ ஓம் வழக்கமான அளவு. அந்த எண் கம்பியின் நீளத்தையும் தடிமனையும் மட்டுமே சொல்லும்; காந்தத்தின் வலிமை பற்றி மௌனம் சாதிக்கும். எனவே 'ஓம் கூடினால் ஒலி கூடும்' என்ற நம்பிக்கை பலரை வீண் செலவில் தள்ளுகிறது.

இவ்வரலாற்றிலிருந்து தேர்வுக்கான ஒரு வரிசை உருவாகிறது. முதலாவது, பொருத்தம். 1960இல் வந்த ஜாஸ் பேஸ் வகையில் கழுத்துப்பக்க பிக்கப் சுமார் 92 மில்லிமீட்டர், பாலப்பக்கத்துடையது சுமார் 95. இந்த மூன்று மில்லிமீட்டரைக் கவனியாமல் வாங்கினால் மரத்தை அறுக்க நேரும். இரண்டாவது, ரீங்கார நீக்கம். ஜாஸ் வகையில் இரு பிக்கப்புகளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் ஒன்றை மட்டும் மாற்றும்போது இணை குலையக்கூடும். காந்த முனை எதுவென்பதைச் சிறு திசைகாட்டி காட்டிவிடும். மூன்றாவது, காந்த வகை. மின்தடை எண்ணுக்கு நான்காம் இடம் போதும். இவற்றுக்கெல்லாம் முன்பாகப் பழைய சுருளை மல்டிமீட்டரால் சோதிக்க வேண்டும். கம்பியின் வெளிமுனை மட்டும் அறுந்திருந்தால் ஒரு பற்றவைப்பே போதும். புதிய பிக்கப் தேவையில்லை.

தொழில்நுட்ப வரலாற்றாசிரியர் டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியான தம் நூலில், புத்தாக்கத்தைவிடப் பயன்பாட்டையும் பராமரிப்பையும் வரலாற்றின் மையத்தில் வைக்க வேண்டும் என வாதிட்டார். பெங்களூரின் தொழில்நுட்ப வரலாறு பொதுத்துறை ஆலைகளில் தொடங்கி மென்பொருள் பூங்காக்களில் முடிவதாகவே எழுதப்படுகிறது. அறுந்த கம்பியின் முனையைத் தேடிப் பிடிக்கும் வைண்டிங் கடைக்கும், 49 ஹெர்ட்ஸ் சுரத்தை ரீங்காரத்திலிருந்து மீட்க வேண்டிய மேடைக் கலைஞருக்கும் அதில் இடமில்லை. அவர்களுடைய அறிவு காப்புரிமைகளிலோ ஆலை அறிக்கைகளிலோ பதிவாகவில்லை. பழுது பார்க்கப்பட்ட கருவிகளின் உட்புறமே அதன் ஆவணம். அக்கருவிகள் பழைய இரும்புக் கடைக்குப் போகும் முன் அவற்றைத் திறந்து பார்ப்பதும் வரலாற்று ஆய்வின் பணியே.