பங்குக் கணக்கு உடைமை

கம்பெனிப் பங்குகளை ஒருவர் தனித்தோ, பிறரோடு கூட்டாகவோ, குடும்பத்தின் அல்லது மைனரின் பொருட்டோ வைத்திருக்கும் முறைகளையும் அவற்றினின்று எழும் பாத்தியதைகளையும் இத்தொடர் குறிக்கும். உத்திரமேரூர்ப் பக்கத்துக் காவாந்தண்டலத்தில் நிலமுடையோர்க்குத் தனிப்பட்டா, கூட்டுப்பட்டா என்னும் பாகுபாடு எவரும் சொல்லாமலே விளங்கும். பட்டாவில் பெயர் ஏறியிருப்பது மட்டுமே சொந்தத்தை நிலைநாட்டிவிடாது என்று நீதிமன்றங்கள் கூறிவரும் விதி பங்குக் கணக்குக்கும் ஏறக்குறையப் பொருந்தும்.

சென்னையில் 1920இல் தோன்றி, விரைவில் மறைந்து, 1937இல் மீண்டும் எழுந்த பங்குச் சந்தையின் காலத்தில் பங்கு என்பது கையில் பிடிக்கும் காகிதமாகவே இருந்தது. அதன் முகப்பிலிருந்த பெயர் வரிசையே உடைமையின் வகையைக் காட்டிற்று. டிவிடெண்டு முதற்பெயருக்குரியவருக்குச் செல்லும். விற்பதற்கோ மாற்றுப் பத்திரத்தில் அனைவரும் ஒப்பமிட வேண்டும். ஒருவர் கையெழுத்துச் சற்றே பிசகினாலும் பத்திரம் திரும்பிவிடும். 1996ஆம் ஆண்டு டெபாசிட்டரிகள் சட்டம் காகிதத்தை டீமேட் என்னும் மின்னணுக் கணக்காக மாற்றியதோடு, பதிவேட்டில் உரிமையாளராக நிற்பது அக்கணக்குகளைப் பேணும் நிறுவனமாகிய டெபாசிட்டரி, பயனுக்குரியவர் கணக்குடையவர் என்ற நுட்பமான பிரிவினையையும் புகுத்திற்று.

டீமேட் கணக்கை மூவர் வரை கூட்டாக வைத்திருக்கலாம். வாங்கல் விற்றலுக்கான கணக்கோ ஒருவர் பெயரிலேயே இயங்கும். கூட்டுக்கணக்கில் ஒருவர் காலமானால், எஞ்சியோரையே டெபாசிட்டரி அங்கீகரிக்கும். மைனரின் கணக்கைப் பாதுகாவலர் நடத்துவார். பதினெட்டு வயது நிரம்பியதும் அவர் அதிகாரம் அற்றுப்போகும். அவிபக்த இந்துக் குடும்பத்தின் கணக்கைக் குடும்பத் தலைவராகிய கர்த்தா நடத்துவாரேயன்றி, பங்குகள் அவருக்கே உரியன அல்ல; அக்குடும்பச் சொத்தில் பெண்மக்களுக்குச் சமபாத்தியதையைத் தமிழ்நாடு 1989இலேயே அளித்துவிட, மத்தியச் சட்டம் 2005இல்தான் அதனைப் பின்பற்றிற்று. இக்குடும்பக் கணக்குக்கு, கணக்குடையவர் இறந்தபின் பங்குகளைப் பெறுமாறு குறிக்கப்படும் நாமினியின் நியமனம் கிடையாது.

பெரும் விவகாரம் விளைந்தது நாமினி விஷயத்திலேதான். 1999ஆம் ஆண்டுத் திருத்தம் கம்பெனிச் சட்டத்தில் சேர்த்த நியமன விதி, பிற சட்டங்கள் எவ்வாறிருப்பினும் பங்குகள் நாமினியைச் சேரும் என்னும் தோரணையில் அமைந்திருந்தமையால், நாமினியே உடைமையாளர் என்று 2010இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்கருத்தை 2016இல் அதே நீதிமன்றத்தின் இருநீதிபதி அமர்வு ஏற்க மறுத்தது. 2023 டிசம்பர் 14ஆம் நாள் உச்சநீதிமன்றம், நியமனம் என்பது பங்குகளைக் கைமாற்றித் தரும் ஏற்பாடே, வாரிசுரிமையை மாற்றும் மூன்றாவது வழியன்று என்று சக்தி யெஸ்தானி வழக்கில் முடிவுகட்டிற்று. ஆகவே மூத்த மகனை நாமினியாக எழுதிவைத்த இந்துத் தகப்பனார் ஒருவர் உயிலின்றி மாண்டால், பங்குகள் முதலில் அம்மகன் கணக்குக்கு மாறினும், மனைவியும் மகளும் தகப்பனாரைப் பெற்ற தாயும் உயிரோடிருப்பின் அவர்கள் யாவரும் அவனோடு சமபாகத்துக்குரியவர்களே. 2025 முதல் பத்து நாமினிகள் வரை குறிக்கலாம் என்று பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் வாரியமாகிய செபி வசதி செய்ததும் இந்நிலையை மாற்றவில்லை. நாமினிப் படிவத்தை நிரப்பியதோடு கடமை தீர்ந்தது என்றிருக்கும் குடும்பத் தலைவர்கள், உயிலையும் தனியே எழுதி வைப்பதே முறை.