மணல் தீவில் மறைந்த துறைமுகம்

அரபு மொழியில் தீவை 'ஜஸீரா' என்பர். கடல்நீர் வடிவதைக் குறிக்கும் 'ஜஸ்ர்' என்னும் சொல்லும் அதே வேரில் கிளைத்ததே. நீர் வடிந்தால் நிலம் தோன்றும். வாணிபம் வடிந்தால் ஊர் மறையும். அவ்வாறு மறைந்த தீவூர் ஒன்றின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

அமெரிக்க நாட்டின் வட கரோலைனா மாநிலத்தில், பெருநிலத்துக்கும் அட்லாண்டிக் மாகடலுக்கும் இடையே நீண்டு குறுகிய மணல் தீவுகள் அரணென வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றின் வடமுனையில் உள்ளது போர்ட்ஸ்மத். அங்குச் செல்லப் பாலமில்லை. இன்றும் படகேறியே அடைதல் வேண்டும்.

1753-ஆம் ஆண்டில் வட கரோலைனாவின் குடியேற்றக்காலச் சட்டமன்றம் இவ்வூரை நிறுவ ஆணையிட்டது. காரணம் யாது? அருகிலுள்ள ஓக்ரகோக் கடல்வாய் வழியே வரும் பெருங்கப்பல்களால், உள்ளிருக்கும் ஆழமற்ற காயலைக் கடக்க இயலாது. எனவே சரக்கை இங்கே இறக்கிச் சிறு படகுகளில் ஏற்றி அனுப்பினர். இத்தொழிலே ஊரை வாழ்வித்தது. 1860-இல் இங்கு வாழ்ந்தோர் 685 பேர். அவருள் 117 பேர் அடிமைகள்.

ஆனால் ஊரின் சரிவு அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. 1846-இல் வீசிய பெரும்புயல் வடக்கே இரு புதிய கடல்வாய்களைத் திறந்தது. ஆழம் மிக்க ஹட்டெரஸ் வழியைக் கப்பல்கள் நாடின. 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் மக்கள் தீவைவிட்டு ஓடினர். பலர் திரும்பவே இல்லை.

எஞ்சியோர் மீன்பிடித்து வாழ்ந்தனர். 1894-இல் கடலில் சிக்கியோரைக் காக்கும் நிலையம் ஒன்று அங்கு அமைந்தது. 1903-இல் 'வேரா குரூஸ்' என்னும் கப்பல் அருகே தரைதட்டியபோது, அதிலிருந்த 400-க்கும் மேற்பட்டோர் கரை சேர்க்கப்பட்டனர். அவர்களுக்கு அச்சிற்றூரார் தம் வீட்டு உணவை ஈந்தனர். செல்வம் போன பின்னும் ஈகை போகவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1959-இல் அஞ்சலகமும் மூடப்பட்டது. அடிமைகளின் வழிவந்த ஹென்றி பிகட் என்பார், தபால் படகு வரும்போதெல்லாம் தம் சிறு தோணியில் எதிர்சென்று கடிதங்களையும் பொருள்களையும் பெற்று வந்தார். 1971-இல் அவர் இறந்தார். எஞ்சியிருந்த முதிய பெண்மணிகள் இருவரும் அவ்வாண்டே தீவைவிட்டு வெளியேறினர்.

இன்று தேசியப் பூங்காத் துறையின் காப்பில் தேவாலயமும் அஞ்சலகமும் சில வீடுகளும் ஆளின்றி நிற்கின்றன. ஒரு காலத்தில் உடைமையாக எண்ணப்பட்டோரின் வழித்தோன்றல் ஒருவரே அவ்வூருக்கு இறுதித் துணையாய் நின்றார். துறைமுகங்களின் வரலாற்றைப் படிக்கும் நாம், வணிகரின் பெயர்களோடு அவர் பெயரையும் நினைவில் இருத்துதல் நீதியாகும்.