ஊரே பள்ளி: இறையியல் மாணவரும் இளைஞர் ஊழியமும்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையை அடுத்த சிற்றூர் செம்மங்குப்பம். இவ்வட்டாரத்தில் வேதாகமக் கல்லூரிக்குச் செல்ல விழையும் இளைஞர் பலர் மனத்தில் எழும் வினா ஒன்றுண்டு: இளைஞரிடையே ஊழியம் செய்வதை நூலில் கற்பதா, ஊரில் கற்பதா? வரலாறு இதற்கு விடை தருகிறது. அவ்விடையில் நம் மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியும் அடங்கியுள்ளது.

சீகன்பால்க் 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். 1716இல் தமிழ் ஊழியரைப் பயிற்றுவிக்க அங்கே ஒரு பள்ளி தொடங்கப்பெற்றது. எனினும் அக்காலத்தில் ஒருவர் குருவானது பெரும்பாலும் பணியின் வழியேதான். கடலூரைச் சேர்ந்த ஆரோன் முதலில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். பின் உபதேசியாராக ஊர் ஊராய்ச் சென்றார். அதன் பின்னரே 1733இல் சீர்திருத்தத் திருச்சபையின் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார். செயல்முறைப் பயிற்சி என்பது இக்காலத்துக் கண்டுபிடிப்பன்று என்பதை இது காட்டும்.

அதே காலத்தில் வாழ்ந்தவர் இராஜநாயக்கன். பறையர் குலத்தில் பிறந்த இவர் தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றியவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதப் பகுதிகளைத் தாமே படித்து உணர்ந்து, 1727இல் அத்திருச்சபையை நாடி வந்தார். உபதேசியாராகி, 1771இல் மறையும்வரை நாற்பதாண்டுகளுக்கு மேல் தஞ்சைச் சீமையில் உழைத்தார். அடியும் வசையும் பட்டு, பயிற்சிப் பள்ளி தரவியலாத பயிற்சியைத் தெருவிலே பெற்றார்.

1741இல் மற்றுமொரு தமிழ்க் குரு தேவைப்பட்டபோது இவர் பெயரும் எண்ணப்பட்டது. ஆனால், பறையர் ஒருவர் கையால் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் நற்கருணை பெறமாட்டார்கள் என்னும் அச்சத்தால் இவர் ஒதுக்கப்பட்டார், வேறொருவர் குருவானார். செயலில் தேறியவருக்குச் சாதி தடையாயிற்று. உழைப்பு ஏற்கப்பட்டது, பட்டம் மறுக்கப்பட்டது.

இக்கேள்வி நம் மாவட்டத்தில் மீண்டும் எழுந்தது. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ், குருப்பட்டம் பெறுவோர் சாதி வேற்றுமையை முற்றும் விட்டிருத்தல் வேண்டுமென வற்புறுத்தினார். அதன் பொருட்டு அந்த மிஷனைவிட்டுப் பிரிந்து, 1860களில் நெல்லிக்குப்பத்தை அடுத்த மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே பணி தொடங்கினார். டேனிஷ் மிஷன் சங்கம் அப்பணியை ஏற்றது. அதன் வழிவந்ததே இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை.

1969இல் தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் திருச்சபைகளும் கைகோத்து மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியை நிறுவின. மாணவர்கள் தம் படிப்புக் காலத்தின் ஒரு பகுதியை வளாகத்துக்கு வெளியே, ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் தங்கிக் கழிக்க வேண்டும் என்பது அக்கல்லூரியின் சிறப்பு. விருந்தினராய்ச் சென்று பிரசங்கித்துத் திரும்புவது வேறு. அண்டை வீட்டாராய் வாழ்வது வேறு. குழாயடியில் குடத்துடன் காத்திருக்கும்போதுதான் அம்மக்களின் பாடு புரியும்.

இளைஞர் ஊழியத்துக்கு இது மிகவும் பொருந்தும். மாலை ஐந்து மணிக்கு இளைஞர் கூட்டம் என்று வகுப்பறையில் திட்டமிடுவது எளிது. கூலி வேலைக்குச் சென்ற பிள்ளை வீடு திரும்புவது இருட்டிய பிறகே. கடலூர் சிப்காட் ஆலைகளில் முறைவேலை செய்பவனுக்கு வாரந்தோறும் நேரம் மாறும். இதை அறிந்த மாணவன் கூட்டத்தை இரவுக்கு மாற்றுவான். பாட்டுக்கு முன் பத்தாம் வகுப்புக் கணக்கைச் சொல்லிக் கொடுப்பான். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வராத பிள்ளை ஏன் வரவில்லையென்று அவன் வீட்டு வாசலுக்கே சென்று கேட்பான்.

இவ்வகைக் கல்விக்கு ஓர் ஆசிரியரை எடுத்துக்காட்டலாம். ‘பரட்டை’ என்னும் பெயரால் அறியப்பட்ட தியாபிலஸ் அப்பாவு, 2005இல் மறைந்தவர், அரசரடியில் பயிற்றுவித்தவர். நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்களை ஆக்கினார். இழிவென ஒதுக்கப்பட்ட பறையை வழிபாட்டில் ஒலிக்கச் செய்தார். தாம் ஆக்கிய பாடலை மக்கள் தம் வாய்க்கேற்ப மாற்றிப் பாடுவதைக் குற்றமாகக் கருதவில்லை. அதுவே பாடல் மக்களுடையதாகும் வழி என்றார். அனைவரும் ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து உண்பதை இறையாட்சியின் அடையாளமாகக் கண்டார். ஊருக்குக் கற்பிக்கச் சென்ற மாணவர் ஊரிடமிருந்து கற்றுத் திரும்பும் முறை இதுவே.

இளைஞர்காள்! இவ்வரலாறு நமக்கு இரண்டு கடமைகளைச் சுட்டுகிறது. பட்டத்தைப் புறக்கணியாதீர், இராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட இடம் அது. கல்வியால் அதைப் பெறுவது நம் உரிமை. பட்டம் பெற்றபின் சேரியை மறவாதீர். அவர் கற்ற பள்ளி அது. நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாய் ஏற்றிவரும் விளக்கு, கல்லூரி அறையிலும் எரிய வேண்டும்; நம் தெருமுனையிலும் எரிய வேண்டும்.